பத்தாம் வகுப்பில் உயிரின் தோற்றம்: இரண்டு பாடநூல்கள்

என் மகள் படித்தது சி.பி.எஸ்.இ. அக்கா மகன் சமச்சீர். பத்தாவது படிக்கும்போது இருவரும் எங்கள் வீட்டில் ஒரே மேசையில்தான் உட்காருவார்கள். ஒருநாள் இரண்டு அறிவியல் புத்தகங்களையும் எடுத்துப் பார்த்தேன். பூமியில் முதல் உயிர் எப்படி வந்தது என்பதற்கு அவன் புத்தகத்தில் தனிப் பாடமே இருந்தது. அவள் புத்தகத்தில் எதுவும் இல்லை.

முன்பு இருந்தது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குப் பாடநூல் வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் பாடத்துக்கு 'மரபும் பரிணாமமும்' என்று பெயர். கொரோனா காலத்துப் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, 2023 பதிப்பில் பரிணாமத்தை எடுத்துவிட்டு மரபை மட்டும் வைத்தார்கள். 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில்தான் இருக்கிறதே என்பது பதில். சரி, காமர்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு? கணினி அறிவியல் எடுக்கிற பிள்ளைக்கு? பத்தாவதோடு உயிரியலை விடுகிறவர்களுக்கு அந்தக் கதவு அடைபட்டே போகிறது.

2019இல் வந்த தமிழ்நாட்டுப் புத்தகம் இந்த விஷயத்தில் நியாயமாக நடந்துகொள்கிறது. எந்தப் பிரிவுக்குப் போகிறவனும் பத்தாவதில் இதைப் படித்துவிட்டுத்தான் போகிறான். பாதி ஊர்வன, பாதி பறவை போன்ற புதைபடிவமான ஆர்க்கியாப்டெரிக்ஸ், உடலில் பயன் குறைந்து எஞ்சி நிற்கும் எச்ச உறுப்புகள், பரிணாமத்தை விளக்கிய லாமார்க், டார்வின் எல்லாம் உண்டு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்கள்கூட வருகின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையான மரம், பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில்!

எனக்கு உறுத்துவது அதன் தொடக்கம். சிறப்புப் படைப்பு, உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாகவே வந்தது என்ற தான்தோன்றல், வேற்றுக்கோளிலிருந்து வந்தது, வேதிப் பரிணாமம் என்று வரிசையாக 'கோட்பாடுகள்' நிற்கின்றன. கடவுள் படைத்தார் என்பது நம்பிக்கை. ஆதிப் பூமியில் எளிய வேதிப்பொருள்கள் படிப்படியாகச் சேர்ந்து உயிர் உருவானது என்ற வேதிப் பரிணாமம், ஓபரின், ஹால்டேன் என்ற அறிவியலாளர்கள் சொன்னது, சோதித்துப் பார்க்கக்கூடிய கருத்து. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தால் பிள்ளை எல்லாவற்றையும் ஒரே மாதிரி மனப்பாடம் செய்வான். என் அக்கா மகன் அப்படித்தான் ஒப்பித்தான்.

அந்தக் கருத்தைச் சோதித்தவர் ஸ்டான்லி மில்லர். 1953இல் சிகாகோவில், ஆதிப் பூமியின் காற்றில் இருந்ததாகக் கருதப்பட்ட மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து, மின்னலுக்குப் பதிலாக மின்பொறி பாய்ச்சினார். சில நாட்களில், புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் கிடைத்தன. சமச்சீரில் இது விரிவாக வருவது பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில். பழைய என்.சி.இ.ஆர்.டி. இதைப் பத்தாவதிலேயே சொன்னது. மீத்தேனில் இருந்த கார்பனில் 15 சதவீதம் ஒரே வாரத்தில் எளிய கார்பன் சேர்மங்களாக மாறியது என்று கணக்கோடு சொன்னது. நான் பார்த்த பக்கங்களிலேயே சிறந்தது நீக்கப்பட்ட அந்தப் பக்கம்தான்.

அதிலும் குறை உண்டு. ஆதிப் பூமியின் காற்றில் மீத்தேனும் அம்மோனியாவும் அவ்வளவு இருந்திருக்காது, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான் என்று பின்னாளில் பலர் கருதினார்கள். கடலடி வெந்நீர் ஊற்றுகளில் உயிர் தொடங்கியிருக்கலாம் என்ற கருத்தும் வலுத்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாதா? நன்றாகவே புரியும். முடிவு தெரியாத கேள்வி என்றால்தான் அவர்கள் கண் விரிகிறது.

ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் சமச்சீரைத்தான் எடுப்பேன். பட்டியலில் குறை இருந்தால் ஆசிரியர் வகுப்பில் சரிசெய்யலாம், இல்லாத பாடத்தை எப்படி நடத்துவார்? அப்புறம் பழைய என்.சி.இ.ஆர்.டி. பக்கத்தைத் தேடி எடுத்து மகளிடம் கொடுத்தேன். இருமுறை படித்துவிட்டு, "மீதி 85 சதவீதம் கார்பன் என்னப்பா ஆச்சு?" என்றாள்.