சென்டர்லெஸ் கிரைண்டிங்குக்குப் பீஸ் கொடுக்கிறவர்கள் மைக்ரோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தேயிலை பெக்டரிகளுக்கு லேத் வேலை செய்து கொடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். எங்கள் பட்டறையில் சென்டர்லெஸ் மெஷின் (உருளைப் பீஸை முனைகளில் பிடிக்காமலே உருட்டி அரைத்து அளவுக்குக் கொண்டுவருகிறது) கிடையாது, கடைந்து முடித்து மலைக்குக் கீழே உள்ள பட்டறைக்கு அனுப்புவதுதான் பழக்கம். இந்தத் தடவை பீஸ் போன இடத்தின் பெயரைப் போடப் போவதில்லை. அவர்கள் செய்த வேலையையும், அதற்கு அவர்கள் சொன்ன கதையையும் மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே கதையை உங்களிடமும் யாராவது சொல்லலாம்.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. சல்லடை மெஷினுக்கு ஒரே அளவில் ஒரு மூட்டை பின்கள். விட்டம் 20 மில்லிமீட்டர், எச்6 என்கிற அளவு வரம்பு, அதாவது 20.000ஐத் தாண்டக்கூடாது, 19.987க்குக் கீழே இறங்கவும் கூடாது. கன்மெட்டல் (வெண்கலம்) புஷ் என்கிற குழாய்த் துண்டுக்குள் எண்ணெயோடு தாராளமாகச் சுழல வேண்டிய சாமான். ஹார்டன் பண்ணி, அதாவது சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கி, கிரைண்டிங்குக்குக் கொஞ்சம் கனம் விட்டு அனுப்பினோம். ஏப்ரல், மே என்றால் கொழுந்து குவிகிற காலம், பெக்டரியில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் போன் மேல் போன்.

வந்த பின்கள் கண்ணாடி மாதிரி மின்னின. மைக்ரோமீட்டர் (சுருக்கமாக மைக்) வைத்தால் எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் 19.99. ஆனால் புஷ்ஷுக்குள் போகவில்லை. போன ஒன்றிரண்டும் இறுகி நின்றன. புஷ்ஷின் துளை 20ஐ விட ஒரு பொட்டு கூடத்தான், அதையும் அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். போன் பண்ணினால், "அண்ணே, சைஸ் சரியாத்தான் இருக்கு, மைக் புடிச்சுப் பாருங்க, ஒங்க ரீமர் தேஞ்சிருக்கும்" என்று, புஷ் துளையை அளவாக்குகிற ரீமர் மேல் சாட்டி, பழி எங்கள் தலையில்.

V வடிவக் காடியுள்ள வி-பிளாக்கில் பின்னை வைத்து, மேலே ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டுகிற டயல் கேஜை நிறுத்தி மெதுவாக உருட்டினேன். ஒரு சுற்றுக்கு முள் மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்கியது, ஒவ்வொரு ஏற்றமும் கிட்டத்தட்ட 0.03. பின் வட்டமாகவே இல்லை, மூன்று புடைப்போடு இருக்கிறது. இப்படி மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் புடைப்பு வந்தால் ஒரு புடைப்புக்கு நேர் எதிரே ஒரு பள்ளம் இருக்கும், அதனால் இரண்டு தாடைக்கு நடுவே பிடிக்கிற மைக்ரோமீட்டருக்கு எப்போதும் ஒரே அளவுதான் தெரியும். 90 டிகிரி வி-பிளாக் மூன்று புடைப்பை இரண்டு மடங்காகக் காட்டும், ஆக உண்மையான பிழை 0.015. மைக்கில் 19.99 காட்டுகிற பின், புஷ்ஷுக்குள் 20.005 கனமான பின் மாதிரி நடந்துகொள்கிறது. அப்புறம் எப்படிப் போகும்? தட்டி ஏற்றினாலும் மூன்று கோடுகளில் மட்டும் உரசிப் புஷ்ஷைத் தின்றுவிடும்.

இது மெஷினின் குற்றமும் இல்லை. ரோலர் பெயாரிங்கின் உருளைகளையே சென்டர்லெஸ்ஸில்தான் அரைக்கிறார்கள். ஒரு பக்கம் அரைக்கிற கல், எதிர்ப்பக்கம் பீஸை மெதுவாகச் சுழற்றுகிற ரெகுலேட்டிங் வீல், நடுவில் பீஸைத் தாங்குகிற பிளேடு. பீஸை யாரும் பிடித்திருப்பதில்லை, அது தன் மேல்தோலை நம்பியே உருளுகிறது. பீஸின் நடுப்புள்ளி இரண்டு கல்லின் நடுப்புள்ளிகளைச் சேர்க்கிற கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும், சின்னப் பீஸ் என்றால் அதன் விட்டத்தில் பாதி வரை தூக்கி வைப்பார்கள். கோட்டிலேயே நின்றால் ரெகுலேட்டிங் வீலில் படுகிற புடைப்பு பீஸை அப்படியே கல்லுக்குள் தள்ளும், எதிர்ப்பக்கம் பள்ளம் விழும், விட்டம் மட்டும் மாறாது. எத்தனை தடவை ஓட்டினாலும் புடைப்பு போகாது. ரொம்ப உயர்த்தினாலும் பீஸ் துள்ளி அலை விழும், அது வேறு கதை.

அந்த இடத்தில் வேலை செய்கிற பையன் ஒருவன், நம்ம பக்கத்துப் பையன்தான், அப்புறம் உள்ளதைச் சொன்னான். வேறு யாருக்கோ தடித்த ராட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பிளேடைக் கழற்றி உயரம் மாற்ற நேரம் பிடிக்கும் என்று அதே செட்டிங்கில் எங்கள் பின்களை விட்டிருக்கிறார்கள். தடித்த ராடுக்கு வைத்த பிளேடில் மெல்லிய பீஸ் கீழே இறங்கித்தானே உட்காரும். கூலண்ட்டும் சரியாக ஓடவில்லை போலும், சில பின்களில் பழுப்புக் கோடுகள். அந்த இடத்தில் அரம் வைத்தால் வழுக்காமல் கடித்தது, ஹார்டன் பண்ணிய தோல் இளகிப் போயிருக்கிறது.

அரைத்துக் கொடுத்த பட்டறைக்காரரிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டியதும், "சரி, இன்னொரு ஓட்டம் ஓட்டித் தர்றேன்" என்றார். அதே புடைப்போடு 19.96க்கு இறங்கி வந்தது. புஷ்ஷுக்குள் போகிறது, ஆனால் கடகடக்கிறது. இரண்டாவது ஓட்டத்துக்கும் பில் போட்டிருந்தார் பாருங்கள், அந்தத் தைரியத்தை என்ன சொல்ல.

கொடுக்கும்போதே ஜாப் கார்டில் சைஸோடு வட்டப் பிழை எவ்வளவு வரை விடலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். முதல் பீஸை வி-பிளாக்கில் வைத்துக் காட்டிய பிறகுதான் மீதியை ஓட்ட வேண்டும் என்று சொல்லுங்கள், மழுப்பினால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒரே கோண வி-பிளாக்கையும் நம்பி இருக்காதீர்கள், 60 டிகிரியில் ஐந்து புடைப்பு கண்ணுக்கே படாது. சாவிக்காடி (சக்கரத்தைப் பூட்டுகிற சாவிக்கான நீளப் பள்ளம்) வெட்டிய ஷாஃப்ட்டையும் "போட்டுத் தர்றோம்" என்று வாங்குகிறார்கள், காடி பிளேடைத் தாண்டும்போதெல்லாம் பீஸ் குதிக்கும், வட்டம் வராது. அரைத்த பிறகு காடி வெட்டுவதுதான் முறை.

எங்களுடையதைப் புதிதாகக் கடைந்து, இந்தத் தடவை மெஷின் பிடிப்பதற்கு இரண்டு முனையிலும் சென்டர் துளை போட்டு, வேறொரு இடத்தில் சாதாரண சிலிண்டிரிக்கல் கிரைண்டரில் கொடுத்தோம். ஒவ்வொன்றாகப் பிடித்து அரைக்க வேண்டும், கூலி அதிகம், நேரமும் அதிகம், ஆனால் டயல் முள் அசையவில்லை. முதல் ஆளிடம் கட்டிய காசு இன்னும் திரும்பவில்லை, கேட்டால் இப்போதும் மைக்கைத்தான் நீட்டுகிறார்.