நயோப்ராரா ஆற்றில் கயாக் வாடகை: சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஏற்றதா?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், இந்த ஆற்றையொட்டிய வேலன்டைன் ஊரில் கயாக், கனூ, ட்யூப் (காற்றடைத்த மிதவை வளையம்) மூன்றும் வாடகைக்குக் கிடைக்கும். கடைக்காரர்களே வேனில் ஏற்றிப்போய் ஆற்றில் இறக்கிவிட்டு, கரையேறும் இடத்துக்கு வந்து கூட்டிக்கொள்வார்கள். ஜூன் பள்ளி விடுமுறையில் டென்வர் பக்கம் போகிறவர்கள் இதைத் தாராளமாக நம்பிப் போகலாம். காரில் ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

ட்யூப் வேண்டாம், கயாக்கே எடுங்கள். சமவெளிக் காற்று எதிரே அடித்தால், துடுப்பில்லாத ட்யூப் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஃபோர்ட் நயோப்ராரா வனவிலங்குக் காப்பகத்திலிருந்து ஸ்மித் அருவி வரை சுமார் 19 கிலோமீட்டர். இதைவிட நல்ல பகுதி இந்த ஆற்றில் இல்லை. சுற்றியுள்ள மணல்மேடுகள் மழையை உறிஞ்சி ஒகலாலா என்னும் நிலத்தடி நீர்த்தேக்கத்தில் சேர்க்கின்றன. ஆறு மணற்பாறையை ஆழமாக அறுத்திருப்பதால், நீர் புகாத அடிப்பாறையின் மேல் நிற்கும் தண்ணீர் தென்கரை நெடுக ஊற்றாகக் கசிகிறது. அதனால்தான் கோடையிலும் ஓட்டம் நிற்பதில்லை. ஊற்றுகளின் குளிர்ச்சியில், பனியுகத்தில் வந்த வெள்ளைப்பட்டை பிர்ச் மரங்கள் இன்னும் அங்கே பிழைத்திருக்கின்றன. ஸ்மித் அருவியும் ஊற்று நீர்தான். 19 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. கட்டாயம் இறங்கிப் பாருங்கள்.

மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தின் அசையாத தண்ணீரில் பழகியவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். கயாக் பாறையில் பக்கவாட்டாக மோதும்போது, பயத்தில் உடம்பைப் பாறைக்கு எதிர்ப்புறம் சாய்ப்பார்கள். ஆற்றின் மேற்புறமிருந்து வரும் தண்ணீர் உடனே உள்ளே ஏறி, படகு கவிழ்ந்து பாறையோடு ஒட்டிக்கொள்ளும். பாறைப் பக்கமே சாய்ந்து, கையால் தள்ளி விடுபட வேண்டும். கவிழ்ந்துவிட்டால் நீர் ஓடும் திசையில் படகுக்குக் கீழ்ப்புறம் நிற்கவே கூடாது. தண்ணீர் நிறைந்த படகு ஆளைப் பாறையோடு நசுக்கிவிடும். பல இடங்களில் ஆழம் முழங்காலளவுதான் என்பதால் தரைதட்டுவது சகஜம். இறங்கி இழுத்தால் போதும். வார் வைத்த செருப்பு அவசியம்.

கரையேறும் இடத்தைத் தவறவிடாதீர்கள். இன்னும் கீழே ராக்கி ஃபோர்டில் பாறைகளுக்கிடையே சீறிப்பாயும் வேகமான நீரோட்டம் இருக்கிறது, புதியவர்களுக்கு அது ஆகாது.

கடையில் கேட்க வேண்டியவை: பிள்ளைகளின் எடைக்கேற்ற மிதவை அங்கி, நீர் புகாத பை, வேன் திரும்பும் நேரம். காப்பகத்துக்குள் மதுபானம் கூடாது. கோடைச் சனிக்கிழமைகளில் ஆறு ட்யூப் கூட்டத்தால் நிரம்பிவிடும். வார நாளில் முன்பதிவு செய்து காலையிலேயே இறங்குங்கள்.