எகிப்து பேக்கேஜ் டூருக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் நின்று இதைப் படியுங்கள்

அப்பா முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவர். ஓய்வுக்குப் பிறகு தனக்கென்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எகிப்துக்குப் போய் இரண்டாம் ராம்சேஸின் உடலைப் பார்க்க வேண்டும். கி.மு. 1213-இல் இறந்த அந்த அரசனின் மூக்குத் துவாரத்தில் மிளகு வைத்துப் பதப்படுத்தியிருந்தார்கள். மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுச் சரக்கு. "எத்தனை கை மாறிப் போச்சோ, ஆனா இங்கேருந்து போனதுதான்" என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். செங்கடல் கரையில் குசேர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ் பிராமியில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதையும் அதே மூச்சில் சொல்வார். பானை தொங்கவிடுகிற நம் வீட்டு உறிதான் அது.

2025 பிப்ரவரியில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கிளம்பினோம். எட்டு நாள், ஒருவருக்கு ₹1,45,000. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பில் நான் கேட்ட கேள்வி: "ராஜ மம்மிகள் உண்டா?" வந்த பதில்: "மம்மி எல்லாம் உண்டு மேடம், மியூசியம் இன்க்ளூடட்."

அந்த 'மியூசியம்' எது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கெய்ரோவில் தஹ்ரீர் சதுக்கத்தில் 1902-இல் திறந்த பழைய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அரச மம்மிகள் பல காலம் அங்கேதான் இருந்தன. 2021 ஏப்ரல் 3 அன்று ராம்சேஸ் உட்பட 22 மம்மிகளை ஊர்வலமாக எடுத்துப் போய் ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள நாகரிக அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். எங்களைக் கூட்டிப் போனது தஹ்ரீருக்கு மட்டும். துட்டன்காமுனின் தங்க முகமூடியை அன்று அங்கே பார்த்தோம், அது உண்மை. ஆனால் அப்பா தேடியது வேறு.

"ராம்சேஸ் எங்கே தம்பி?" என்று சென்னையிலிருந்து கூட வந்த டூர் மேனேஜரிடம் கேட்டார். அந்தப் பையன் மாடியில் இருந்த யூயா, துயா தம்பதியின் உடல்களைக் காட்டி, "மம்மி பார்த்தாச்சே சார்" என்றான். யூயாவும் துயாவும் துட்டன்காமுனின் கொள்ளுத் தாத்தா பாட்டி. அப்பாவுக்கு அது தெரியும். "இவங்க ராஜா இல்லப்பா" என்றார். நாகரிக அருங்காட்சியகம் அதே நகரத்துக்குள் இருக்கிறது, போகலாமா என்று நான் கேட்டதற்கு நேரம் இல்லை என்றார்கள். அன்று மதியமே ஒரு வாசனைத் திரவியக் கடையில் 1 மணி 10 நிமிடம் உட்கார வைத்தார்கள்.

நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரிகிறது என்றால், அப்பா பாக்கெட் நோட்டில் எல்லாவற்றையும் குறித்து வைத்தார். எங்கே எத்தனை மணிக்கு இறங்கினோம், எத்தனை மணிக்கு ஏறினோம் என்று. எட்டு நாளில் ஆறு கடைகள், மொத்தம் 6 மணி 40 நிமிடம். கீசாவில் மூன்று பிரமிடுகளுக்கும் ஸ்பிங்க்ஸுக்கும் சேர்த்துக் கொடுத்தது 50 நிமிடம். நாலாயிரத்து ஐந்நூறு வருடமாக நிற்கிற கூஃபுவின் பிரமிடைச் சுற்றி ஒரு தடவை நடக்கக்கூட அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் பஸ் ஹாரன். பஸ் நேராகப் போய் நின்றது பாப்பிரஸ் கடையில், அதாவது அந்தக் கால எகிப்தியர்கள் எழுதிய கோரைத்தாளில் படம் வரைந்து விற்கிற கடையில்.

இந்தக் கடைகளுக்கு 'இன்ஸ்டிட்யூட்', 'ஃபேக்டரி', 'மியூசியம்' என்றெல்லாம் பெயர் வைத்திருப்பார்கள். டீ கொடுத்து, கோரைத் தண்டைக் கீறி, ஊற வைத்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அழுத்திக் காட்டுவார்கள். செய்முறை உண்மைதான், நன்றாகவும் இருக்கும். அதைப் பார்த்து மயங்கித்தான் அம்மா 90 டாலருக்கு ஒரு படம் வாங்கினாள். லக்சர் ஊருக்குப் போன பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் குறுக்கு நார் ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஒரே வாட்டம். வாழை மட்டையில் செய்து விற்கிற போலி இப்படித்தான் இருக்குமாம். நிஜ பாப்பிரஸில் குறுக்கு நார்கள் கட்டம் கட்டமாகத் தெரியும், சுருட்டினால் விரியும், உடையாது. வாங்குகிறவர்கள் கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

அடுத்தது டிக்கெட். 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று எழுதியிருந்தால் அது வெளி வாசலுக்கு மட்டும்தான். கீசாவில் பெரிய பிரமிடின் உள்ளே போகத் தனி டிக்கெட். லக்சரில் அரசர் பள்ளத்தாக்கில் பொது டிக்கெட்டுக்கு மூன்று கல்லறைகள்தான், துட்டன்காமுன் கல்லறைக்கும் முதலாம் சேட்டியின் கல்லறைக்கும் தனித்தனி. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பல இடங்களில் இப்போது கவுண்ட்டரில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டுதான். அதைச் சொல்லியே உள்ளூர் கைடு, "டாலரா குடுங்க, நான் எடுத்துத் தரேன்" என்று துட்டன்காமுனுக்கு ஆளுக்கு 40 டாலர் வாங்கினார். கையில் வந்த டிக்கெட்டில் அச்சிட்டிருந்தது 700 எகிப்தியப் பவுண்டு. அன்றைய மதிப்பில் 15 டாலர்கூட வராது. அவரிடமே காட்டினேன். "சர்வீஸ் சார்ஜ்" என்றார், பில் கேட்டேன், பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அபு சிம்பெல் படம் பிரசுரத்தின் முதல் பக்கத்தில் பெரிதாக இருந்தது. அஸ்வான் உயர் அணை கட்டியபோது நீரில் மூழ்காமல் இருக்க 1964-க்கும் 1968-க்கும் நடுவே மலையிலிருந்து அறுத்தெடுத்து, மேலே கொண்டு போய்த் திரும்ப அடுக்கிய, அதே ராம்சேஸ் கட்டிய கோயில் அது. அஸ்வானில் இறங்கிய பிறகுதான் அது 'ஆப்ஷனல்', ஆளுக்கு 130 டாலர் என்று சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. நாங்கள் போகவில்லை. அந்தக் காலை முழுவதும் அப்பா நாங்கள் தங்கியிருந்த நைல் நதிக் கப்பலின் மேல்தளத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எகிப்து மக்கள் மீது எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. லக்சரில் கர்னாக் கோயிலின் 134 தூண் மண்டபத்தில் அம்மாவுக்குத் தலை சுற்றியபோது தண்ணீர் கொடுத்து நிழலில் உட்கார வைத்தவர் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். நீட்டிய காசை வாங்கவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் அருங்காட்சியகம் எது, கல்லறை எது, உள்ளே போகும் டிக்கெட் யார் செலவு, கடைகள் எத்தனை, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மணி நேரம், எல்லாவற்றையும் மெயிலில் எழுதி வாங்குங்கள். போனில் சொன்னது எதற்கும் உதவாது. எனக்குக் கடைசியில் கைகொடுத்தது அந்த வாட்ஸ்அப் பதிலும் அப்பாவின் நோட்டும்தான். நுழைவுக் கட்டணங்களை எகிப்து சுற்றுலா, தொல்பொருள் அமைச்சகமே இணையத்தில் போடுகிறது, அங்கேயே டிக்கெட்டும் எடுக்கலாம்.

ஏமாந்தவர்கள் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. எங்களுடையது ₹4,35,000, ஒரு பைசா செலவில்லாமல் பதிந்தோம். நிறுவனம் ₹20,000 தந்து முடித்துக்கொள்ளலாம் என்று கேட்டது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த பிப்ரவரிக் குழுவில் எங்களுடன் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், துட்டன்காமுன் டிக்கெட்டையும் கைடுக்கு டாலர் கொடுத்த செய்திகளையும் அழித்துவிடாதீர்கள், எனக்கு அனுப்புங்கள். அடுத்த விசாரணைக்கு அவை வேண்டும்.