லூபெக், ஸ்ட்ரால்சுண்ட்: இரண்டு செங்கல் நகர மன்றங்கள்

கட்டடக் கல் அரிதான பால்டிக் கரையில், இடைக்கால வட ஐரோப்பிய வணிக நகரங்களின் கூட்டணியான ஹன்சாவின் வணிகர்கள் சுட்ட செங்கல்லை நம்பி எழுப்பிய நகர மன்றங்களுள் ஜெர்மனியின் லூபெக், ஸ்ட்ரால்சுண்ட் ஆகிய இரண்டும் தலையாயவை. 1226-இல் புனித ரோமப் பேரரசின் சுதந்திர நகரமான லூபெக், தன் மன்றத்தை நூற்றாண்டுதோறும் விரித்துக்கொண்டே போனது; கருமை மின்னும் மெருகிட்ட செங்கற்களுக்கு முன்னால் 1570-களின் தொடக்கத்தில் வெளிர்நிற மணற்கல் முகப்பும் வந்து சேர்ந்தது. வரலாற்றை அடுக்கடுக்காகப் படிக்க விரும்புவோருக்கு அதுவே ஏற்றது.

ஆனால் செங்கல்லின் அழகுக்காக நான் ஸ்ட்ரால்சுண்டையே தேர்வேன். சந்தைச் சதுக்கத்தை நோக்கி உயர்ந்து நிற்கும் அதன் உச்சிச் சுவருக்குப் பின்னால் அறை எதுவும் இல்லை. காற்று புகுந்து செல்லச் சுவரில் விட்ட துளைகள் லூபெக்கிலும் உண்டு. ஸ்ட்ரால்சுண்டிலோ, பூவேலை செய்தாற்போன்ற வட்டத் துளைகளினூடே வானம் நீலமாகத் தெரிய, கடற்காற்று சுவரை முட்டித் தள்ளாமல் ஊடுருவிச் செல்கிறது.