படுத்துச் சுட பைபொட் வாங்குகிறீர்களா? என் 189 டொலர் போன கதை

சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன். றைபிளின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக் கால்தான் பைபொட். அதற்குக் கொடுத்தது 189 டொலர். எனக்கு அது ஒன்றரை நாள் உழைப்பு.

ஒன்ராறியோவில் இருக்கிறேன். லைசென்ஸ் எடுத்து, .308 தோட்டா போடும் றைபிள் வாங்கி, படுத்துச் சுடப் பழகி ஆறு மாதம். எஃப் கிளாஸ் என்ற, படுத்தபடி தூரத்து இலக்கைச் சுடும் போட்டியில் இறங்க ஆசை. அதைத் தொடங்கியவர் ஜோர்ஜ் ஃபார்குவார்சன் என்ற கனடாக்காரர். அவர் பெயரில் இருந்து வந்ததுதான் அந்த எஃப். அதில் எஃப்-ரிஆர் பிரிவில் .223 அல்லது .308 றைபிளை பைபொட்டில் வைத்துச் சுடுவார்கள்.

எந்த உயரத்தில் பைபொட் எடுப்பது என்று தெரியாமல், துப்பாக்கிச் சாமான் விற்கும் ஒரு ஒன்லைன் கடைக்கு ஃபோன் எடுத்தேன். மறுமுனையில் தமிழ்ப் பெடியன். என் பெயரைக் கேட்டதும் தமிழில் கதைத்தான். அதோடு என் கவனம் போய்விட்டது. படுத்துச் சுடத்தான் வேணும் என்று இரண்டு தரம் சொன்னேன். "அண்ணை, பெரிசாய் எடுங்கோ. காலைக் குறைச்சால் படுத்துச் சுடலாம், நீட்டினால் இருந்தும் சுடலாம். சின்னது எடுத்தால் பிறகு இன்னொண்டு வாங்க வேண்டி வரும்" என்றான். எவ்வளவு அக்கறை என்று நினைத்து, அந்த நிமிடமே கார்ட் நம்பரைச் சொன்னேன்.

வந்தது 13.5 முதல் 27 அங்குலம் வரையானது. காலை முழுதாக உள்ளே தள்ளினாலும் 13.5க்குக் கீழே இறங்காது. றேஞ்சில் படுத்தால் நெஞ்சை நிலத்திலிருந்து தூக்கினால்தான் கன்னம் ஸ்டொக்கில், அதாவது றைபிளின் பின்கட்டையில், படுகிறது. ஸ்கோப்பைப் பார்க்கக் கழுத்தைப் பின்னுக்கு மடக்க வேண்டும். பின்னால் வைக்கும் மணல் பைக்கு ஸ்டொக் எட்டவேயில்லை. சுட்டதும் அந்த நீளக் கால்கள் ஆடி, றைபிள் துள்ளிப் பக்கத்துக்குப் போகிறது. 100 மீற்றரில் துளைகள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறின. பக்கத்தில் சுட்ட பெரியவர் பாவம் பார்த்துத் தன் 6–9 அங்குல ஹரிஸ் கொம்பனி பைபொட்டைக் கழற்றித் தந்தார். அதே றைபிள், அதே தோட்டா. ஐந்து துளையும் உள்ளங்கைக்குள் அடங்கின.

திங்கள் ஃபோன் எடுத்தேன். "நீங்கள் படுக்கிற விதம் பிழை அண்ணை." புதன் எடுத்தேன், பெட்டி திறந்தாயிற்றாம், திரும்ப எடுக்க மாட்டார்களாம். நேற்று மனேஜர் என்று ஒருவர் வந்து, 189 டொலரில் 47 கழித்து மிச்சத்துக்கு வேறு சாமான் எடுக்கச் சொன்னார். ஏன் கழிக்க வேண்டும் என்று கேட்டபோது லைன் கட். தமிழ்ப் பெடியன் இப்போது ஃபோனுக்கே வருவதில்லை.

உயரம் பார்ப்பது பற்றி விபரமாக எழுத இருந்தேன், மனம் ஓடவில்லை. வாங்குமுன் தோட்டா இல்லாத றைபிளோடு வீட்டில் படுங்கள். கன்னம் சுகமாகப் படும் வரை முன்பக்கத்துக்குக் கீழே புத்தகம் அடுக்கி அளவெடுங்கள். பெரும்பாலும் 6–9 போதும். வயிறோ மகசீனோ பெரிதென்றால், மேடு பள்ளமான புல் நிலமென்றால் 9–13. 13.5இல் தொடங்குவது இருந்து சுடுபவர்களுக்கு. திறந்த பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள், ஃபோனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

நாளை காலை வங்கியில் கார்ட் முறைப்பாடு போடுகிறேன். 47 கழித்து அல்ல, 189 டொலரும் முழுதாக வேண்டும்.