ஒரே கடை, இரண்டு விலைப்பட்டியல்: தாய்லாந்துச் சாப்பாடா, மீனும் சிப்ஸுமா?

எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு கடை இருக்கிறது. மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர்; ஒரு பக்கம் மருந்துக்கடை, இன்னொரு பக்கம் முடிவெட்டும் கடை. உள்ளே ஆறு மேசை. கல்லாவுக்கு மேலே இரண்டு விலைப்பட்டியல் மாட்டியிருக்கிறார்கள். இடது பக்கம் ஃபிளேக், மினிமம் சிப்ஸ் (சிப்ஸ் என்றால் இங்கே விரல் பருமனில் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு), பொட்டேட்டோ கேக், டிம் சிம் (மாவுக்குள் இறைச்சி வைத்தது). வலது பக்கம் கிரீன் கறி, மசமன் கறி, பாட் தாய், டாம் யாம். ஒரே குடும்பம்தான் இரண்டையும் செய்கிறது. அண்ணன் பொரிக்கும் எண்ணெய்த் தொட்டிப் பக்கம் நிற்பார், அக்கா வாணலிப் பக்கம்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விநோதமான ஜோடியாகத் தெரியலாம். இங்கே இது சாதாரணம். ஆஸ்திரேலியாவில் மீன் சிப்ஸ் கடைகளை ஒரு காலத்தில் பெரும்பாலும் கிரேக்கக் குடும்பங்கள் நடத்தின. அவர்கள் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனதும் சீன, வியட்நாமிய, தாய்லாந்துக் குடும்பங்கள் பல கடைகளை வாங்கின. எண்ணெய்த் தொட்டியும் புகைபோக்கியும் ஏற்கெனவே இருக்கின்றன, வாடிக்கையாளரும் இருக்கிறார்கள். பழைய வியாபாரத்தை விடாமல், பக்கத்தில் ஒரு அடுப்பைப் போட்டுத் தங்கள் சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

பத்து வருடமாக இந்தக் கடையில் சாப்பிடுகிறோம். வாசலில் ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: இடது பக்கமா, வலது பக்கமா? எதை வாங்குவது என்பதைவிட, எங்கே உட்கார்ந்து எந்தக் கிழமையில் சாப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

முதலில் மீன். ஃபிளேக் என்ற பெயரைப் பார்த்து ஏதோ வெள்ளைக்காரர் ஊர் மீன் என்று நினைத்திருந்தேன். அது சுறா. கம்மி ஷார்க் என்று இங்கே சொல்கிற, கூரிய பல் இல்லாத ஒரு சின்னச் சுறா. டாஸ்மேனியாவுக்கும் விக்டோரியாவுக்கும் நடுவில் உள்ள பாஸ் நீரிணையில் வலை போட்டுப் பிடிக்கிறார்கள். தூத்துக்குடியில் சுறாப்புட்டு தின்று வளர்ந்த எனக்கு அது தெரிந்த அன்று ஒரே சந்தோஷம். முள் கிடையாது. வெள்ளைச் சதை, வாயில் வைத்தால் உதிரும். பிள்ளைகளுக்குக் கொடுக்க இதைவிட வசதியான மீன் இல்லை.

ஆனால் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுறாவில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஃபிளேக் சாப்பிடக் கூடாது, அந்த இரண்டு வாரத்தில் வேறு மீனும் வேண்டாம் என்பது ஆஸ்திரேலிய, நியூசிலாந்து உணவுத் தர அமைப்பின் அறிவுரை. மற்றவர்களுக்கு வாரம் ஒரு தடவை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு கொடுத்து வளர்ந்த நமக்கு இது இடிக்கும். ஆனாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம். என் மனைவி இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தபோது புளூ கிரெனடியருக்கு மாறினோம். நியூசிலாந்துக்காரர்கள் ஹோக்கி என்று சொல்வதும் அதே மீன்தான். ஃபிளேக்கைவிட மென்மையாக இருக்கும், விலையும் ஒரு டாலர் குறைவு.

மீனைச் சுற்றியிருக்கும் மாவைப் பற்றித் தனியாகப் பேசலாம். நம் பஜ்ஜிக்குக் கடலைமாவு, இதற்கு மைதா. கரைசல் சில்லென்று இருக்க வேண்டும், எண்ணெய் 180 டிகிரிக்குப் பக்கத்தில் காய்ந்திருக்க வேண்டும். அப்படிப் போட்டால் மேல் மாவு உடனே இறுகி ஒரு கூடு மாதிரி ஆகிவிடும். மீன் அந்தக் கூட்டுக்குள் தன் நீரிலேயே ஆவியில் வேகும். எண்ணெயில் வேகிறதாகத் தெரியும், உள்ளே நடப்பது இட்லி வேகிற வேலை. அண்ணன் மீனை வாலைப் பிடித்துத் தொட்டியில் இறக்குவதைக் கவனித்திருக்கிறேன். சட்டென்று போட்டுவிட மாட்டார். பாதி மீனை எண்ணெயில் இப்படியும் அப்படியும் நாலு தடவை ஆட்டி, மாவு பிடித்ததும்தான் விரலை எடுப்பார். அவசரமாக விட்டால் மீன் அடியில் போய்க் கூடையோடு ஒட்டிக்கொள்ளுமாம்.

இந்த மொறுமொறுப்புக்கு ஆயுள் பத்து நிமிடம். காகிதத்தில் சுற்றியதுமே உள்ளே இருக்கும் நீராவி வெளியே வர வழியில்லாமல் மாவைத் திரும்ப நனைத்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் கடை வாசலிலேயே பொட்டலத்தில் ஒரு ஓட்டை போட்டு, வண்டியில் போகும்போதே இரண்டு சிப்ஸ் எடுத்துத் தின்பார்கள். ஓட்டை போட்டாலும் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பாதி மொறுமொறுப்புப் போயிருக்கும். இருந்தும் பெரும்பாலானவர்கள் மீனைத்தான் பார்சல் வாங்குகிறார்கள், தாய்லாந்துச் சாப்பாட்டுக்குத்தான் மேசையில் உட்காருகிறார்கள். இது தலைகீழ் என்பேன்.

ஏனென்றால் கறிக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. தேங்காய்ப்பாலில் கொதித்த கிரீன் கறி, டப்பாவில் இருபது நிமிடம் இருந்தால் என்ன ஆகிவிடப் போகிறது? கத்தரிக்காயும் மூங்கில் குருத்தும் இன்னும் கொஞ்சம் சாறு குடிக்கும், அவ்வளவுதான். மசமன் கறி இன்னும் மேல். ஏலக்காய், பட்டை, கிராம்பு, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு எல்லாம் போட்ட, தாய்லாந்து முஸ்லிம்களின் சமையலோடு சேர்த்துப் பேசப்படுகிற கறி. நம் குருமாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று தைரியமாகச் சொல்லலாம். மறுநாள்தான் அதன் முழு ருசி தெரியும்.

வலது பக்கத்தில் பார்சலுக்கு ஆகாதது ஒன்று உண்டு: பாட் தாய். அரிசி நூடுல்ஸ், புளி, பனை வெல்லம், மீன் சாஸ், முட்டை, முளைப்பயறு, வறுத்த வேர்க்கடலை. வாணலியிலிருந்து தட்டுக்கு வந்த நிமிடத்தில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக இருக்கும். டப்பாவில் மூடி வைத்தால் பழைய சேவை மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். டாம் யாம் பரவாயில்லை. சூப்பைத் தனியாகக் கொடுப்பார்கள், வீட்டில் சூடாக்கினால் பழையபடி வந்துவிடும்.

அடுத்தது கிழமை. வெள்ளி மாலை ஆறு மணிக்கு இந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடுவது கிறிஸ்தவ வழக்கத்திலிருந்து வந்தது, இப்போது மதம் பார்க்காமல் தெருவே வரிசையில் நிற்கிறது. அன்றைக்கு மீன் பக்கம் கொண்டாட்டம். எதுவும் கண்ணாடிப் பெட்டியில் காத்திருக்காது, தொட்டியிலிருந்து எடுத்ததும் கைக்கு வரும். அதே நேரம் வாணலிப் பக்கம் அக்கா ஒருத்திதான். நாலு பாட் தாயை ஒரே வாணலியில் போட வேண்டி வரும். வாணலி சூடு இறங்கி, வறுபட வேண்டிய நூடுல்ஸ் வெந்துபோகும். அது அக்காவின் குற்றம் இல்லை, அடுப்பு ஒன்றுதான் இருக்கிறது. செவ்வாய் அல்லது புதன் மதியம் போய்ப் பாருங்கள். அதே பாட் தாய் வேறு சாப்பாடு மாதிரி இருக்கும். அன்றைக்கு மீன்தான் சந்தேகம். பெட்டியில் எப்போதிலிருந்து இருக்கிறதோ தெரியாது. “புதுசாகப் பொரித்துக் கொடுங்கள், காத்திருக்கிறேன்” என்று சொன்னால் முகம் சுளிக்காமல் செய்வார்கள். எட்டு நிமிடம் ஆகும்.

இந்தப் பாடத்தை வேறு ஒரு கடையில் காசு கொடுத்துப் படித்தேன். மதியம் மூன்று மணிக்குப் போய், கேட்காமல் வாங்கிவிட்டேன். மாவு ரப்பர் மாதிரி இழுத்தது, எண்ணெயில் பழைய வாசனை. மகள் ஒரு வாய் தின்றுவிட்டு வைத்துவிட்டாள்.

சரி, விலை. எங்கள் கடைக் கணக்கு இது. நாலு பேருக்கு நாலு ஃபிளேக், தலைக்கு 9.50 டாலர், ஆக 38. பெரிய சிப்ஸ் 11. மொத்தம் 49. வலது பக்கம் இரண்டு கறி, ஒன்று 18 வீதம் 36. சோறு தனிக்காசு, ஒரு டப்பா 4 டாலர், மூன்று வாங்கினால் 12. மொத்தம் 48. பார்த்தால் ஒரே விலை. ஆனால் மீன் ஆளுக்கு ஒன்று என்று அங்கேயே தீர்ந்துவிடும். கறியில் மறுநாளுக்கு ஒரு கிண்ணம் மிஞ்சும். சோற்றை வீட்டில் வடித்துக்கொண்டால் இன்னும் 12 டாலர் மிச்சம். தனி ஆளாகப் போனால் கணக்கு மாறும்: ஒரு மீனும் மினிமம் சிப்ஸும் 15 டாலர், மதிய நேரச் சோறும் கறியும் 14. வயிறு நிறைவது இரண்டாவதில்தான். மினிமம் சிப்ஸ் என்பது விக்டோரியாவில் ஒரு அளவின் பெயர், குறைந்தபட்சக் காசுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு. ஒருவருக்குத் தாராளம்.

சைவக்காரர்கள் விஷயத்தில் இரண்டு பக்கமும் தோற்றுவிடும் என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோதுதான் இதையெல்லாம் விசாரித்தேன். சிப்ஸும் பொட்டேட்டோ கேக்கும் பார்க்கச் சைவம். பொட்டேட்டோ கேக் நம் உருளைக்கிழங்கு பஜ்ஜியேதான், சிட்னிப் பக்கம் போனால் அதையே ஸ்கேலப் என்பார்கள். ஆனால் பல கடைகளில் மீன் போட்ட எண்ணெயில்தான் அதையும் போடுகிறார்கள். சில பழைய கடைகளில் எண்ணெயே இல்லை, மாட்டுக் கொழுப்பு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். சிக்கன் சால்ட் என்ற மஞ்சள் உப்பில் பல சமயம் கோழியே இருக்காது, ஆனாலும் பொட்டலத்தைப் பார்க்காமல் நம்ப முடியாது. வலது பக்கத்தில் “வெஜிடபிள் கிரீன் கறி” என்று எழுதியிருக்கும். பல கறி விழுதுகளில் இறால் விழுது அரைத்திருக்கும், கறியில் மீன் சாஸும் ஊற்றுவார்கள். அக்காவிடம் கேட்டேன். “என் விழுதில் இறால் இருக்கிறது, அம்மாவுக்கு வேண்டாம்” என்று நேராகச் சொல்லிவிட்டு, வெறும் சோயா சாஸில் காய்கறி வதக்கிக் கொடுத்தார். அந்த நேர்மைக்காகவே இந்தக் கடையை விடமாட்டேன்.

நம் நாக்குக்கு எது பக்கம் என்று கேட்டால் யோசிக்காமல் வலது பக்கம் என்பேன். புளி, தேங்காய்ப்பால், வெல்லம், மிளகாய் எல்லாம் நம் வீட்டுச் சாமான். பேரரத்தையும் எலுமிச்சைப்புல்லும் நாட்டுமருந்துக்கடையில் பார்த்தவை. கிரீன் கறியில் மேலே தூவுகிற தாய்லாந்து பேசில் நம் திருநீற்றுப்பச்சை இனம். பாட் கிரபாவ் என்கிற மிளகாய்க் கறிப் பொரியலுக்குப் போடுவது துளசியேதான். மாடத்தில் வைத்துக் கும்பிடுகிற இலையைப் பூண்டும் மிளகாயும் சேர்த்து வாணலியில் வதக்குகிற வாசனை முதல் தடவை வந்தபோது கொஞ்சம் அதிர்ந்துதான் போனேன். அப்புறம் அதுவே பிடித்துப்போனது.

ஆனால் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இங்கே பிறந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் சிப்ஸ் வாசனை. அவர்களை நான் குறை சொல்லப்போவதில்லை. இரண்டு சாப்பாட்டுக்கும் பின்னால் ஒரு போர்க்காலம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனில் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன் வந்தபோது மீனுக்கும் சிப்ஸுக்கும் ரேஷன் வைக்கவில்லை. ஏறக்குறைய அதே ஆண்டுகளில், 1939இல் சயாம் என்ற பெயரைத் தாய்லாந்து என்று மாற்றிய பிபுன் சோங்க்ராம் அரசுதான் நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லி மக்களைத் தூண்டியது. பாட் தாய் பரவியது அப்படித்தான். கஷ்டகாலத்தில் குறைந்த காசில் வயிறு நிறைத்த சாப்பாடுகள் இரண்டும். உசத்தி தாழ்த்தி சொல்ல எனக்கு மனசு வராது.

எங்கள் ஏற்பாடு இப்போது இதுதான். வெள்ளி ஐந்தரைக்கே போய் ஜன்னலோர மேசையைப் பிடித்துவிடுவோம். பெரியவர்களுக்கு மீன், தட்டிலேயே, சுடச்சுட. பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஃபிளேக், அடுத்த வாரம் மீனே இல்லாமல் பொட்டேட்டோ கேக். மீனுக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற டார்டார் சாஸ் எனக்கு ஒத்துவராது. ஊசிமிளகாயை வட்டமாக நறுக்கி மீன் சாஸும் எலுமிச்சைச் சாறும் ஊற்றிய சின்னக் கிண்ணத்தை அக்காவிடம் கேட்டு வாங்குவேன். மொறுமொறு மாவின் மேல் அரைக் கரண்டி விட்டு உடனே வாயில் போட வேண்டும். அந்தக் கிண்ணத்துக்குக் காசு வாங்குவதில்லை.

கிளம்பும்போது ஒரு மசமன் கறி பார்சல், சோறு வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். சனிக்கிழமை காலை தோசைக்கு அதுதான்.