பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பு: ஐந்துக்கு நான்கு

ஸ்கீ மைதானத்தின் எல்லை தாண்டி, யாரும் பராமரிக்காத மலைச்சரிவுகளில் ஏறுகிறவர்களுக்கான வகுப்பு இது. அறைக்குள் நடந்த பகுதி சுமார்தான், ஸ்லைடு மேல் ஸ்லைடு. அதில் மனதில் நின்றது ஒன்று: பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை அளக்கிறார்கள், 3 என்றால் நடுத்தரம்தானே என்று பலரும் கிளம்பிவிடுகிறார்கள், உயிரிழப்புகள் அதிகம் நடப்பதும் அந்த 3-இல்தான்.

வெளியே போனதும் வகுப்பு களைகட்டியது. பயிற்சியாளர் முதலில் ஷவலை (பனி அள்ளும் மண்வாரி) தொடவே விடவில்லை. சுற்றிப் பாருங்கள், புதிதாகச் சரிந்த தடம் எங்கேயாவது தெரிகிறதா என்றார். பக்கத்துச் சரிவு இறங்கியிருக்கிறது, அதே திசையைப் பார்த்து அதே சாய்வில் இருக்கும் இது மட்டும் எதற்கு நிற்கும்? அப்புறம் காற்று. முகட்டைத் தாண்டி மறுபக்கம் காற்று கொண்டுபோய்க் கொட்டிய பனி பார்க்க வழவழப்பாக இருக்கும், நடந்தால் மத்தளம் மாதிரி ஒலிக்கும், அடியில் பலவீனமான அடுக்கு இருந்தால் மொத்தமும் ஒரே பலகையாக வழுக்கி வரும். காலடியில் ‘வும்ப்’ என்று அமுங்கிய சத்தம் கேட்டாலோ, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ சோதனையே வேண்டாம், திரும்பிவிட வேண்டியதுதான். இப்படிப் பலகையாக வழுக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. நாம் நிற்கிற இடம் தட்டையாக இருந்து தலைக்கு மேல் அப்படி ஒரு சாய்வு இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

பனி அடுக்குகள் எவ்வளவு பலமாக இருக்கின்றன என்று சோதிக்கக் குழி தோண்டும் பகுதியில்தான் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். 30 செ.மீ. அகலத் தூண் ஒன்றை வெட்டி, மேலே ஷவலை வைத்து மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டு. எங்கள் தூண் முழங்கைத் தட்டிலேயே சட்டென்று வழுக்கி வெளியே வந்தது, அடியில் கையில் ஒட்டாமல் உதிரும் பெரிய படிகங்கள். பார்க்கப் பிரமாதம். ஆனால் சில மீட்டர் தள்ளி வெட்டியிருந்தால் அசையாமலே நின்றிருக்கலாம், அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல முடிவு வந்த குழிகளில் எல்லாம் “அப்போ போகலாமா?” என்றுதான் எல்லோரும் கேட்டோம். ஒரே சரிவில் இரண்டு குழி தோண்டவைத்துக் காட்டியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

மீட்புப் பயிற்சிக்குக் குறையே சொல்ல முடியாது. டிரான்ஸீவரை (ஒவ்வொருவரும் உடலில் கட்டிக்கொள்ளும், சிக்னல் அனுப்பவும் பிடிக்கவும் செய்யும் கருவி) வைத்துப் பனியில் புதைத்த பையைக் கண்டுபிடிப்பது சீக்கிரம் பழகிவிடுகிறது, தோண்டுவதுதான் இடுப்பை ஒடிக்கிறது. புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி) தட்டுப்பட்டதும் அதை உருவாமல், அதற்குக் கொஞ்சம் கீழே தள்ளி நின்று உள்நோக்கித் தோண்டவேண்டும். 10, 15 நிமிடம் தாண்டினால் பிழைக்கும் வாய்ப்பு கிடுகிடுவென இறங்குகிறது என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள்.

டிரான்ஸீவர் இரவல் தருகிறார்கள், இருந்தாலும் உங்களுடையதையே கொண்டுபோய்ப் பழகுங்கள். கூடவே மலைக்கு வரப்போகிற நண்பர்களையும் சேர்த்துவிடுங்கள், நீங்கள் புதைந்தால் தோண்டப்போவது அவர்கள்தான்.